பட்டாவில் பெயர் மாறிவிட்டது, படத்தில் கோடு? சென்னையில் 'தமிழ் நிலம்' சேவை

பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்க 'தமிழ் நிலம்' தளம், பட்டா, டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்), வரைபடம் எடுக்க 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளம். சென்னைக்காரர்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் ஒரு சேவை. முழு மனையும் அப்படியே கைமாறும் பெயர் மாற்றத்துக்கு ஐந்துக்கு நாலு தரலாம். மனையைப் பிரித்து எல்லைக்கோடு மாற வேண்டிய வேலைக்கு இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை.

தேடும்போதே முதல் தடுமாற்றம். ஊரகமா நகர்ப்புறமா என்று கேட்கும். மயிலாப்பூர், எழும்பூர் என்றால் நகர்ப்புறம்தான். வார்டு, பிளாக், நகரப்புல எண் மூன்றும் வேண்டும். இந்த வார்டு நில அளவை வார்டு. கவுன்சிலர் வார்டு எண்ணைப் போட்டால் யார் வீடோ வரும், அல்லது எதுவுமே வராது. 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்த மாதவரம், மதுரவாயல், சோழிங்கநல்லூர் வட்டங்களில் பழைய கிராம சர்வே எண்ணே ஓடும் இடங்களும் உண்டு. நகர்ப்புறத்தில் கிடைக்காவிட்டால் ஊரகத்திலும் தேடுங்கள். 'பதிவு இல்லை' என்று வந்தால் பட்டாவே இல்லை என்று பதற வேண்டாம்.

பத்திரத்தில் பழைய சர்வே எண் மட்டும் இருந்தால், டி.எஸ்.எல்.ஆரில் உள்ள 'பழைய புல எண்' கட்டத்தைப் பாருங்கள். இரண்டையும் கோக்கும் கண்ணி அதுதான். அங்கேயும் பொருந்தவில்லை, பத்திரத்தின் தபசிலில்தான் (சொத்து விவரப் பகுதி) தப்பு என்றால், முதலில் பிழைத்திருத்தப் பத்திரம் பதிந்துவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்தது பரப்பு. பத்திரம் சதுர அடியில் பேசும், பதிவேடு ஹெக்டேர், ஏர், சதுர மீட்டரில். 0-02-23 என்று இருந்தால் 2 ஏர் 23 சதுர மீட்டர், அதாவது 223 சதுர மீட்டர், அதை 10.764-ஆல் பெருக்கினால் 2400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. ஒன்றிரண்டு சதுர அடி இடிப்பது மீட்டருக்கு மாற்றியதில் வந்தது, விடுங்கள். நூறு, இருநூறு குறைந்தால் மட்டும் காரணம் தேட வேண்டும். திட்ட அனுமதிக்காகச் சாலைக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த துண்டு பெரும்பாலும் இங்கேதான் தலைகாட்டும்: பத்திரத்தில் முழுப் பரப்பு இருக்கும், பதிவேட்டில் கழிந்திருக்கும். சில இடங்களில் நேர்மாறாகவும் இருக்கும்.

மனையைப் பிரிக்கும் உட்பிரிவு விண்ணப்பத்துக்குக் கிரயப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அடையாள அட்டை. வாரிசு வழி வந்த சொத்தென்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும், குறிப்பாகத் தபசில் பக்கம். செக்குபந்தியும் (நான்கு எல்லை விவரம்) நான்கு பக்க அளவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. விண்ணப்பத்தில் 'உட்பிரிவு உண்டு' என்பதைத் தேர்ந்தெடுக்கத் தவறினால் அளக்க ஆள் வர வழியில்லை. பாதி மனை வாங்கியவர் கூட்டுப் பட்டாவில் இன்னொரு பெயராக நின்றுவிடுவார். வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் இது உறுத்தும்.

சர்வேயர் வரும் நாளில் எல்லைக்கற்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல் காம்பவுண்டுக்கு அடியில் புதைந்திருந்தால் முன்கூட்டியே தோண்டி வையுங்கள். பக்கத்து மனைக்காரரும் கூட இருப்பது உத்தமம். சுவர் இருக்கும் இடமே எல்லை என்று இருவரும் நம்பிக்கொண்டிருக்க, கல் அரையடி தள்ளி இருப்பது இந்த ஊரில் அதிசயமே இல்லை.

உத்தரவு வந்து புது எண்ணோடு பட்டா கிடைத்ததும் பலர் பிரிண்ட் எடுத்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பட்டாவில் உள்ள க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து சரிபார்ப்பதோடு, வரைபடத்தையும் தனியாக இறக்கிப் பாருங்கள். பட்டா மாறியும் படத்தில் பழைய ஒற்றைக் கட்டமே நிற்பதுதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை. 40-க்கு 60 அடி மனையென்றால் படத்தில் சுமார் 12.2, 18.3 மீட்டர் என்று பக்க அளவுகள் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிரிண்டர் தாளுக்கேற்பச் சுருக்கியிருக்கும். எழுதியிருக்கும் எண்தான் கணக்கு.

கோடு விழாமல் இருந்தால் உத்தரவு நகலோடு வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவே தப்பென்றால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். விற்கப் போகிறவர்கள் இதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.