ஸ்லீப்பில் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? மதர்போர்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வீட்டிலிருந்தே புத்தகப் பக்க வடிவமைப்பு செய்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் என் லேப்டாப்பில் ஒரு கோளாறு தொடங்கியது. இரவில் வேலையைத் திறந்தபடியே விட்டு, மூடியைச் சாத்தி ஸ்லீப்பில் (அணைக்காமல் உறங்கும் நிலையில்) வைத்தால், காலையில் எல்லாம் மூடப்பட்டு, புதிதாக ஆன் செய்தது போல லாகின் திரை வந்து நிற்கும். பகல் முழுவதும் ஓடினாலும் ஒரு முறைகூட நின்றதில்லை. சேமிக்காமல் விட்ட பதினான்கு பக்கங்கள் ஓர் இரவில் பறிபோன பிறகு, கோவை காந்திபுரத்தில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்றேன்.

அங்கிருந்தவர், கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் பதிந்துவைக்கும் ‘இவென்ட் வியூவரை’த் திறந்து, ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரியைக் காட்டி, “பாருங்க சார், பவர்னு அதுவே சொல்லுது. போர்டுல பவர் ஐசி போயிருக்கு, சிப் லெவல்ல பண்ணணும்” என்றார். மதர்போர்டில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப்தான் பவர் ஐசி. நம்பினேன். ஒன்பது நாள் கழித்து 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். என்னைக் கேட்காமலேயே விண்டோஸையும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

பதினோரு நாள் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலை மீண்டும் அதே லாகின் திரை.

இம்முறை நானே உட்கார்ந்து பார்த்தேன். 41 என்ற பதிவு, கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. பவர் சர்க்யூட் கெட்டுவிட்டது என்பதற்கு அது சான்று அன்று. அந்தப் பதிவின் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘பக்செக்கோட்’ என்று, விண்டோஸ் எந்தப் பிழையால் நின்றது என்பதைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். எனக்கு அங்கே 159 என்றிருந்தது. ஸ்லீப்புக்குப் போகும்போதும் விழிக்கும்போதும் ஒவ்வொரு சாதனத்தையும் மின்நிலை மாறச் சொல்லி விண்டோஸ் அதன் டிரைவரை (அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளை) கேட்கிறது. ஒரு டிரைவர் குறித்த நேரத்துக்குள் அதை முடிக்காவிட்டால், விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொண்டு இந்த எண்ணை எழுதிவைக்கிறது. இப்படி நிற்கும்போது வரும் பிழைத் திரைக்குப் பின் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் வழக்கமாக அமைத்திருப்பதால், மூடிய லேப்டாப்பில் அது நம் கண்ணில் படுவதே இல்லை.

அப்டேட் வரலாற்றைப் பார்த்தபோது, முந்தைய நாள் மாலைதான் வைஃபைக்குப் புதிய டிரைவர் இறங்கியிருந்தது. கடையில் புதிதாகப் போட்ட விண்டோஸில் பழைய டிரைவர் இருந்ததால்தான் அந்தப் பதினோரு நாள் நிம்மதி கிடைத்தது என்பது அப்போது விளங்கியது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்களுக்குக் கீழே வைஃபையைத் திறந்து, டிரைவர் பகுதியில் முந்தைய டிரைவருக்கே திரும்பும் ‘ரோல் பேக்’ கொடுத்தேன். பத்து நிமிட வேலை. அதன் பிறகு ஓர் இரவுகூட அது ரீஸ்டார்ட் ஆகவில்லை.

சந்தேகம் வந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. அடிமூடியின் நடுத்திருகின் மேல் நிறுவனம் ஒட்டிய சிறு ஸ்டிக்கர் கிழியாமல், ஓரம்கூடத் தூக்காமல், அப்படியே இருந்தது. அந்தத் திருகைக் கழற்றாமல் போர்டை யாரும் தொட முடியாது. மாற்றிய பழைய ஐசியைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பில்லில் ‘மதர்போர்டு சர்வீஸ்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை.

உங்களுக்கும் இதே தொல்லை இருந்தால், கடைக்குப் போகும் முன் அந்த ‘பக்செக்கோட்’ எண்ணை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 159 என்றிருந்தால் முதலில் டிரைவரைப் பாருங்கள். வைஃபை மட்டுமன்றி கிராஃபிக்ஸ் டிரைவரும் இப்படிச் செய்வதுண்டு. 0 என்றிருந்தால் பேட்டரி, மின் இணைப்பு, போர்டு ஆகியவற்றைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே, கழற்றும் பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், கேட்காமல் விண்டோஸ் போடக் கூடாது என்றும் கடையின் ஜாப் ஷீட்டில் (வேலைச் சீட்டில்) எழுதி வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பித் தர அந்தக் கடை மறுத்துவிட்டது. ஸ்டிக்கரின் படத்தையும் பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.