மலைக்கு எதைப் போடுவது: பூட்டா, வலை ஷூவா, ஹன்டர் ஷூவா?

மலை நடைக்கு ஷூ விற்கும் என் கடைக்குள் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வாட்டர்ப்ரூஃபா?" இரண்டாவது, விலை. இந்தப் பூட்டு, அதாவது பூட்ஸ், எந்த வருஷம் செய்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்து பூட்டைக் கல்லாமேசையில் வைக்கும்வரை எனக்கே அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

கோயம்புத்தூரில் பத்துக்குப் பதினாறு அடியில் கடை. முதுகுப்பை, ஊன்றுகோல், தலையில் மாட்டும் டார்ச், மழைக் கோட்டு, அட்டை ஏறாத காலுறை, அதோடு ஷூ. முன்பெல்லாம் இமயமலைக்குக் கிளம்பும் கல்லூரிப் பையன்கள்தான் வருவார்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்த பிறகு முகங்களே மாறிவிட்டன. முதல் தடவை காட்டுக்குள் நடக்கப் போகிற குடும்பங்கள், முட்டி வலியோடு வருகிற அறுபது வயதுக்காரர்கள், அலுவலகத்தில் ஒரு கூட்டமாகப் பதிந்துவிட்டு முந்தின நாள் சாயங்காலம் ஓடி வருகிறவர்கள். எல்லோரும் கடைசியில் மூன்றில் ஒன்றில் வந்து நிற்பார்கள்.

ஒன்று, கணுக்காலை மூடும் கனமான பூட்டு. உள்ளே தண்ணீர் புகாத சவ்வு, அடியில் தடித்த மெத்தை. ஐந்தாயிரத்துக்குக் கீழே நல்லது கிடைக்காது. பத்தைத் தாண்டியும் போகும். இரண்டு, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் லேசான வலைத்துணி ஷூ, அடியில் முரட்டுப் பல். இரண்டரையிலிருந்து நாலாயிரம். மூன்று, நான் விற்காத சரக்கு: வேட்டைத் தடுப்புக் காவலர்களும் எஸ்டேட் ஆட்களும் போடுகிற பச்சைக் கேன்வாஸ் ஹன்டர் ஷூ. டவுன்ஹால் பக்கம் எழுநூறு, எண்ணூறுக்குக் கிடைக்கும்.

நான் வலை ஷூ கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று சண்டைக்கு வர வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். பூட்டு கனம், வலை ஷூ லேசு. சாயங்காலம் கால் வீங்கிய பிறகு அளவு பாருங்கள், விரல் நுனிக்கு முன்னால் அரை அங்குலம் இடம் விடுங்கள்; இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுக்கும். பருத்திக் காலுறை வேண்டாம். புது ஷூவை நேராக மலைக்குப் போடாமல் ஒரு வாரம் ரேஸ் கோர்ஸைச் சுற்றுங்கள். இவ்வளவும் மூன்றுக்கும் பொது.

வாட்டர்ப்ரூஃப் சங்கதியும் சின்னதுதான். வால்பாறையில் ஜூலை மாத மழை ஷூவின் வழியாக உள்ளே வருவதில்லை, காலின் வழியாக இறங்கி வரும். ஓர் ஓடையைக் கடந்தால் மேல்வாய் வழியாக ஒரு டம்ளர் உள்ளே போய்விடும். வெளித்தண்ணீரை உள்ளே விடாத சவ்வு, உள்தண்ணீரையும் வெளியே விடாது. நனைந்த பூட்டு அந்த ஊரில் காய இரண்டு நாள் ஆகும். வலை ஷூ நனையும், நாலு அடி வைத்தால் தண்ணீரைத் துப்பும், ராத்திரி செய்தித்தாளை உருட்டித் திணித்து வைத்தால் காலையில் போடுகிற பதத்துக்கு வந்துவிடும்.

இனி வாத்தியார் கதை.

2019-இல் பதினாலு ஜோடி பூட்டு எடுத்தேன், கொஞ்சம் பெரிய முதல்தான். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. மலையும் மூடியது, கடையும் மூடியது. பெட்டிகள் பரணில் ஏறின. கடையின் பின்சுவர் மழைக்காலத்தில் ஓதம் கக்கும். பரண் அந்தச் சுவரை ஒட்டியது. பாலிதீன் உறையோடு, சிலிக்கா பொட்டலத்தோடு, புத்தம் புதுசாக அவை அங்கே வருஷக்கணக்கில் கிடந்தன. மூன்று ஜோடி அப்படி இப்படி விற்றது. 2024 டிசம்பரில் வாத்தியார் வந்தார். டாப்சிலிப் பக்கம் ஒரு பாதை பதிந்திருந்தார். நாற்பது சதவீதம் தள்ளுபடி போட்டு ஒரு ஜோடியைக் கட்டிக் கொடுத்தேன். நல்ல மனுஷனுக்கு நல்ல சரக்கைக் குறைந்த விலையில் கொடுத்த திருப்தி வேறு.

மறு திங்கட்கிழமை வந்தார். சத்தம் போடவில்லை. மஞ்சப்பையிலிருந்து பூட்டை எடுத்து வைத்தார். வலது காலின் அடி முழுசாகக் கழன்று, முன்னால் விரல் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்த முதலை மாதிரி தொங்கியது. பையின் அடியில் கறுப்புத் தூள்.

"ஏனுங்க தம்பி, புதுசுன்னு தானுங்க குடுத்தீங்க?"

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லையாம். இறக்கத்தில், ஈரப் பாறையில், ஒரு கால் திடீரென்று மூன்று சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு வீக்கம். கூட வந்த பழங்குடி வழிகாட்டிப் பையன் சணல் கயிற்றால் அடியைக் கட்டிவிட்டு, மீதி வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இறக்கியிருக்கிறான். அவன் காலில் இருந்தது எண்ணூறு ரூபாய் ஹன்டர் ஷூ.

பசை விட்டுப்போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். கழன்ற இடத்தைப் பார்த்தால் பசை இரண்டு பக்கமும் பிடித்தபடியேதான் இருந்தது. நடுவில் இருந்த மெத்தை, மிட்சோல், அதுதான் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்திருந்தது. கனமான பூட்டுகள் பலவற்றில் இந்த மெத்தை பாலியூரித்தேன், சுருக்கமாக பி.யூ. நன்றாக உழைக்கும், மூட்டைச் சுமையோடு நடந்தாலும் அமுங்காது, கல் குத்தாது. எல்லாம் சரி. ஆனால் காற்றில் இருக்கும் ஈரமே அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதேதான். போட்டாலும் நடக்கும், போடாவிட்டாலும் நடக்கும். சூடும் புழுக்கமும் இருந்தால் வேகமாக நடக்கும். செய்த நாளிலிருந்து ஐந்து முதல் பத்து வருஷம் என்பது பொதுவாகச் சொல்லும் ஆயுள். நம் ஊர்ப் பரணில், பாலிதீன் உறைக்குள், சிறிய கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஆளை ஏமாற்றுவது என்னவென்றால், வெளியே ஒன்றும் தெரியாது. தோல் பளபளக்கும், பல் கூர்மையாக இருக்கும், கயிறு மடிப்புக் கலையாமல் இருக்கும். அடிக்கடி போட்டு நடந்த பூட்டு, மூடிவைத்த பூட்டைவிட அதிக நாள் வருவதும் உண்டு. அதனால்தான் பழைய சாமான் விற்கும் தளங்களில் "ஒரே ஒரு தடவை லடாக் போனப்ப போட்டது, புதுசு மாதிரி" என்று பார்த்தால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது. நிறையத் தேய்ந்த பழைய பூட்டை வாங்கினாலும் வாங்குங்கள், அதை வாங்காதீர்கள்.

வாத்தியாருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரி பரணிலிருந்த மிச்சம் பத்து ஜோடியையும் இறக்கி, ஒவ்வொன்றின் மெத்தையிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். நல்ல பி.யூ. அமுங்கித் திரும்ப எழும். ஏழு ஜோடியில் நகத்தடம் அப்படியே நின்றது; அவற்றில் இரண்டில் மேல்தோல் உடைந்து தூளே வந்தது. அந்த ஏழையும் கத்தியால் கிழித்துத்தான் குப்பையில் போட்டேன், யாராவது எடுத்துப் போட்டுவிடக் கூடாதே என்று. முன்பு வாங்கிப்போன மூன்று பேரில் இரண்டு பேருக்குப் போன் போட்டுச் சொல்ல முடிந்தது. ஒருவர் பணமாகக் கொடுத்து வாங்கியவர், பில்லில் நம்பர் இல்லை.

வலை ஷூக்களில் மெத்தை பெரும்பாலும் இ.வி.ஏ. என்கிற லேசான நுரை. அதற்கு இந்த வியாதி இல்லை. அதற்கு வேறு வியாதி: அமுங்கும். ஐந்நூறு, எழுநூறு கிலோமீட்டர் நடந்தால் மெத்தை செத்துவிடும், பாதம் கல்லை எண்ண ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைத்தால் சுருங்கும், பசையும் இளகும். வலையில் முள் இழுத்தால் கிழியும். ஆனால் இந்தக் கேடெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். ஓரம் பிரிய ஆரம்பித்தால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலில் சுற்றித் தையல் போட்டுக்கொள்ளலாம், இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். உதிர்ந்த பி.யூ.வை எந்த ஊசியும் காப்பாற்றாது. மாவில் தையல் போட முடியுமா? பூட்டுக்குப் புது அடி மாற்றிக்கொடுக்கும் ஆளை நம் ஊரில் தேடிப் பிடிப்பதற்குள் புதுசே வாங்கிவிடலாம்.

ஒரு கடைக்காரன் வெளியே சொல்லக் கூடாத சங்கதி ஒன்று. பி.யூ. பூட்டுதான் வேண்டும் என்று இருந்தால், என் மாதிரி சின்னக் கடையைவிட சரக்கு வேகமாக ஓடும் பெரிய கடையில் வாங்குவது உத்தமம். அங்கே ஒரு ஜோடி மாதக்கணக்கில் போய்விடும். எங்களிடம் அது வருஷக்கணக்கில் உட்காரும். எங்களுக்கு வியாபாரமே சில மாதம்தான். கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து பாதைகளை மூடுவார்கள், அது மூடத்தான் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் எங்கள் பெட்டிகள் பரணில் வெந்துகொண்டிருக்கும். எங்கே வாங்கினாலும் பெட்டியின் ஓரத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், சட்டப்படி இருக்க வேண்டும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே இருக்கும். பெட்டி இல்லாமல் கொடுத்தால் தள்ளுபடி எவ்வளவானாலும் யோசியுங்கள்.

கணுக்கால் பிசகாமல் இருக்க உயரமான பூட்டு வேண்டும் என்பார்கள். இதில் நான் அடித்துப் பேச மாட்டேன். எனக்கு இரண்டு தடவை பிசகியிருக்கிறது, ஒரு தடவை பூட்டுப் போட்டபோது, ஒரு தடவை வலை ஷூவில். இரண்டை வைத்து என்ன சொல்ல முடியும்? ஏற்கெனவே கணுக்கால் பலவீனமானவர்கள் எலும்பு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என்னை அல்ல. பனியிலும் என் அனுபவம் கொஞ்சம்தான்: ஒரே ஒரு தடவை, டிசம்பரில், உத்தரகாண்டில் கேதார்காந்தா. அங்கே வலை ஷூவோடு போயிருந்தால் விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். பனிக்கு சவ்வு வைத்த பூட்டுத்தான், அதில் மறுபேச்சு இல்லை. பத்து நாளைக்காக மட்டும் என்றால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போது நகத்தால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஹன்டர் ஷூவை இவ்வளவு நேரம் ஓரமாக நிறுத்திவிட்டேன். அதற்கு மரியாதை செய்தே ஆக வேண்டும். அடி வெறும் ரப்பர், சூடேற்றி மேல்பாகத்தோடு சேர்த்தது. உதிர அங்கே மெத்தையே கிடையாது. நேபாளத்தில் முப்பது, நாற்பது கிலோ சுமக்கும் போர்ட்டர்கள் போடுவதும் கோல்ட்ஸ்டார் போன்ற மலிவு ஷூதான். மாதம் முழுக்கக் காட்டில் நடக்கிறவர்களின் கால் அதற்குப் பழகிப்போனது. ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஆறாம் நாள் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறவருக்கு அந்தத் தட்டை அடி குதிகாலில் பழிவாங்கும். என்னைப் பழிவாங்கியது. உள்ளே ஒரு நல்ல மெத்தைத் தகடு போட்டால் பாதி சரியாகும் என்கிறார் எனக்குத் தெரிந்த வனக்காவலர் ஒருவர். நான் போட்டுப் பார்த்தது இரண்டு நடை மட்டும், மோசமில்லை. ஈரப் பாறையில் அதன் பிடிப்பு ஜோடிக்கு ஜோடி மாறுகிறது. கல் மாதிரி கெட்டியான ரப்பர் என்றால் வழுக்கும். நகத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இப்போது கடையில் ஓடுவது வலை ஷூதான். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் மார்க்கரால் மாதம், வருஷம் பெரிதாக எழுதி வைக்கிறேன். பரணில் ஷூ வைப்பதில்லை. அங்கே இப்போது ஊன்றுகோல்கள். பரிசோதனையில் தேறிய மூன்று ஜோடி பழைய பி.யூ. பூட்டில் ஒன்றை நானே போட்டு மருதமலைப் படியில் ஏறி இறங்குகிறேன், எப்போது விடுகிறது என்று பார்க்க; வீட்டுக்காரி, "பைத்தியம் முத்திப்போச்சு" என்கிறாள். மற்ற இரண்டும் அலமாரியில் இருக்கின்றன, எட்டாம் நம்பர், விற்பனைக்கு இல்லை. யாராவது பூட்டைக் கையில் எடுத்து "வாட்டர்ப்ரூஃபா?" என்று கேட்டால் அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, நகத்தால் அழுத்திப் பாருங்கள் என்கிறேன்.