புது முட்டியோடு 16 மாதம்: எல்லோரும் மடக்குவதைக் கேட்டார்கள், என்னைப் படுத்தியது நீட்டுவது

வலது முட்டியை மாற்றி 16 மாதம் ஆகிறது. வயது 62. ஆபரேஷனுக்கு முன்னால் நான் தேடிப் படித்த அனுபவங்கள் இரண்டே வகை. ஒன்று, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி எழுதியது. இன்னொன்று, "இப்போது ஓடுகிறேன், ஆடுகிறேன்" வகை. நடுவில் இருக்கிற நீளமான மாதங்கள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். என் வலது கால் ஆபரேஷனுக்கு முன்பே முழுசாக நீளாது. படுத்தால் முட்டி சற்றே தூக்கிக்கொண்டு நிற்கும். தேய்மானம் முற்றிய பலருக்கு இப்படித்தான் இருக்கும். மூட்டைத்தான் மாற்றப் போகிறார்களே, அதோடு இதுவும் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று மாலையே வாக்கரைக் கையில் கொடுத்து நாலு அடி நடக்க வைத்தார்கள். வலி பெரிதாக இல்லை. இவ்வளவுதானா என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு பேசினேன். எல்லாம் காலை மரத்துப்போக வைக்கும் ஊசியின் தயவு. மறுநாள் அது இறங்கியதும் தெரிந்தது சேதி. வேடிக்கை என்னவென்றால், முட்டியைவிடத் தொடைதான் அதிகம் வலித்தது. ஆபரேஷன் நேரத்தில் ரத்தம் கசியாமலிருக்கத் தொடையைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கியிருப்பார்களாம், அதன் வலி. நாலைந்து நாளில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கன்றல் தொடையிலிருந்து கிளம்பிக் கணுக்கால்வரை இறங்கி வந்தது. பயந்து போன் செய்தோம். உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குகிறது, தானே கரையும் என்றார்கள். கரைந்தது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் அப்படி ஒரு சுகம். வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வைத்துவிடுவார். ஐந்து நாள் அப்படியே கிடந்தேன். வீட்டுக்கு வந்த பிசியோ உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"அம்மா, இந்தத் தலையணையை யார் வச்சது?"

"நான்தாம்மா" என்றார் இவர், பாராட்டு வரும் என்ற நினைப்பில்.

"எடுத்துடுங்க சார். வைக்கிறதா இருந்தா கணுக்காலுக்கு அடியில வைங்க."

வீங்கிய மூட்டு லேசாக மடங்கிய நிலையில்தான் உள்ளே இருக்கும் நீருக்கு இடம் கொடுக்கும். அதனால் அந்த நிலை சுகமாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஆறுகிற தழும்புத் திசு அந்த நிலையிலேயே இறுகத் தொடங்கும். பிறகு கால் நீளாது. நீளாத காலோடு நடந்தால் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை உடம்பைத் தாங்கியே நிற்க வேண்டும். ஓய்வே கிடையாது, நொண்டலும் போகாது. இதை அவர் பொறுமையாக விளக்கிவிட்டு, என் முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் தாராளமாகப் போனது. "தினமும் காலையில் இதைப் பாருங்க சார்" என்று அந்த வேலையை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்று தொடங்கிய விரல் கணக்கு அப்புறம் ஆறு மாதத்துக்கு மேல் ஓடியது.

முதல் இரண்டு வாரப் பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. இது ரத்தம் உறையாமல் இருக்க. குதிகாலைப் படுக்கையில் இழுத்து இழுத்து மடக்குவது. முட்டியைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணுவது. இந்தக் கடைசிதான் என்னை அழ வைத்தது. வலியால் அல்ல. அழுத்து என்று மனசு சொல்கிறது, தொடை சும்மா கிடக்கிறது. மூட்டுக்குள் வீக்கம் இருந்தால் தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே அடக்கி வைக்குமாம். ஒன்பதாம் நாள், முட்டிச் சில்லுக்கு மேலே தசை ஒரு துடிப்புத் துடித்தது. அதைப் பார்க்க இரண்டு பேரும் குனிந்ததில் தலையோடு தலை முட்டிக்கொண்டோம்.

14ஆம் நாள், கீறலை மூடப் போட்டிருந்த உலோகப் பின்களை எடுத்தார்கள். 31 பின். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

ராத்திரிகளைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். பகலில் சமாளித்துவிடலாம். இரவு இரண்டு மணிக்கு மேல் கால் எந்த நிலையிலும் அடங்காது. புரண்டு படுக்க முடியாது. ஒன்பதாவது வாரத்தில்தான் சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம் தூங்கினேன். இடது பக்கம் திரும்பி இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துப் படுக்கப் பழகிய பிறகு வந்த தூக்கம் அது. வலி மாத்திரையை வீம்புக்காகத் தவிர்க்காதீர்கள். பயிற்சிக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொண்டால் பயிற்சி உருப்படியாக நடக்கும். வீரியமான மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்கும் முதல் நாளே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐஸ் பேக் என் தோழி. ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம், கட்டாயம் துணி சுற்றி. முட்டியின் வெளிப்பக்கத் தோல் பலருக்கும் மரத்துப்போய்விடும், அங்கே போகும் சிறு நரம்பு கீறலில் அறுபடுவதால். மரத்த தோலுக்குச் சில்லென்பது உறைக்காது. ஐஸ் சுட்டாலும் தெரியாது. தானாக மடக்கி நீட்டும் மெஷின் ஒன்றையும் இரண்டு வாரம் வாடகைக்கு வைத்திருந்தோம். படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நன்றாக இருந்தது. ஆய்வுகளில் அதனால் பெரிய ஆதாயம் தெரியவில்லை என்று பிசியோ சொன்னார். என் முட்டியும் அதையே சொன்னது. திருப்பி அனுப்பிவிட்டோம்.

மடக்குவதற்கு வருகிறேன். பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எவ்வளவு மடங்குது?" இரண்டாம் வாரம் 78 டிகிரி. நாலாம் வாரம் 90. எட்டாம் வாரம் 105. இன்று 118. சமதளத்தில் நடக்க 65, 70 டிகிரி போதும். படிக்கட்டுக்கு 90 பக்கம் வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்க 100க்கு மேல். இரண்டு மூன்று மாதமாகியும் 90ஐத் தாண்டாவிட்டால், மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிட வேண்டி வரலாம். அந்தப் பயத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பின்னுக்கு இழுத்து இழுத்து மணிக்கணக்காகப் பயிற்சி செய்தேன். நீட்டும் பயிற்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினாலே அதிகம். டிகிரி ஏறுவதைச் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது. விரல் கணக்கு மட்டும் இரண்டரையிலேயே நின்றது.

ஐந்தாம் வாரம் புத்தி கெட்டுப்போனது. கால் நன்றாக இருக்கிறதே என்று பயிற்சியை இரண்டு மடங்காக்கி, சாயங்காலம் ஒரு நீள நடையும் போட்டேன். மறுநாள் முட்டி பந்து மாதிரி. சில்லுக்கு மேலே தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து வைப்பது வழக்கம், 41.5 செ.மீ. இருந்தது 44 ஆகியிருந்தது. 96 மடங்கிய கால் 84க்கு இறங்கியது. பிசியோ திட்டவில்லை. ஒரு வழி மட்டும் சொல்லிக்கொடுத்தார்: "செய்யும்போது வலிச்சா பரவாயில்லை அம்மா. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தா, நேத்து செஞ்சதில் பாதிதான் இன்னைக்கு." இந்த 16 மாதத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். அன்றிலிருந்து டேப் தலைமாட்டிலேயே இருந்தது.

மூன்றாம் வாரம் ஆடுசதையில் ஒரு குடைச்சல். பிசியோவுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட்டோம். ஸ்கேனில் ரத்தம் உறைந்த கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு பக்க ஆடுசதை வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காய்ந்த தையலில் நீர் கசிந்தாலோ கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

படிக்கட்டுக்கு ஒரு சூத்திரம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஊன்றுகோல் எதிர்க் கையில். எனக்கு வலது முட்டி, ஆகவே இடது கையில் கோல். ஆரம்பத்தில் வலது கையில் பிடித்துக்கொண்டு ஊசலாடினேன்.

மூன்றாம் மாதம்தான் மனசுக்குக் கஷ்டமான மாதம். வந்து பார்ப்பவர்கள் நின்றுபோனார்கள். நடக்கிறாய், அப்புறம் என்ன என்று வீட்டிலும் நினைத்துவிட்டார்கள். முட்டியோ இன்னும் சூடாக, கனமாக, யாருடையதோ மாதிரி இருந்தது. முட்டி மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி இல்லை என்று சொல்கிறார்கள் என்பதை அந்த மாதத்தில் படித்துத் தொலைத்தேன். நானும் அந்த ஒருவர்தானோ என்று இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கட்டடத்தின் கண்ணாடிக் கதவில் என் நடையைப் பார்த்தேன். பழைய நொண்டல் அப்படியே இருந்தது. வலி போய்விட்டது, நொண்டல் போகவில்லை. மறுநாள் பிசியோவிடம் சொன்னதும் மடக்கும் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார். அதன் பிறகு எல்லாம் நீட்டல்தான். எதிர் நாற்காலியில் குதிகாலை வைத்து, முட்டிக்கு அடியில் ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலு தடவை. கொஞ்ச நாள் கழித்துத் தொடைமேல், சில்லுக்குச் சற்று மேலே, ஒரு கிலோ மணல் பை. மூன்றாவது நிமிடத்தில் முட்டிக்குப் பின்னால் ஒரு இழுப்பு தொடங்கும். ஐந்தாவதில் பையைத் தூக்கி எறியத் தோன்றும். இவர் பக்கத்தில் பேப்பர் படித்தபடி, "இன்னும் நாலு நிமிஷம்" என்பார். அந்தக் குரல்மீதே எனக்குக் கோபம் வரும்.

இரண்டு விரல். ஒன்றரை. ஒன்று. ஒரு விரலில் ஒரு மாதம் நின்றது. ஏழாம் மாதம் ஒரு காலையில் விரல் போகவில்லை. இவருக்கு நம்பிக்கையில்லை, பேப்பரின் ஓரத்தைக் கிழித்து நுழைத்துப் பார்த்தார். பாதி போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. நான் முட்டியை இன்னும் அழுத்திக்கொண்டேன்.

இன்றைய நிலவரம்: நாலு கிலோமீட்டர் நடக்கிறேன், படிகளில் மாற்றி மாற்றிக் கால் வைத்து ஏறுகிறேன், ராத்திரி வலி அறவே இல்லை. சூடு எட்டாம் மாதம் அடங்கியது. அரை உள்ளங்கை அகலத்துக்கு மரப்பு இன்னும் இருக்கிறது. சில அசைவில் டொக் என்று ஒரு சத்தம். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வதுதான், கெடுதல் இல்லை என்றார்கள். மண்டியிடலாம், ஒன்றும் ஆகாது என்கிறார் டாக்டர். மண்டியிட்டால் கூழாங்கல்லின் மேல் நிற்கிற உணர்ச்சி. தேவைப்பட்டால் ஒழியச் செய்வதில்லை. குந்தி உட்காருவதை விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் ஐந்தடி மரக்கால் மாதிரி இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்பவர்களுக்கு: 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, முழு முட்டி மாற்றங்களில் 100க்கு 82 வரை 25 ஆண்டு தாங்குகின்றன. என் வயசுக்கு அது தாராளம்.

இடது முட்டிக்கு மூன்று மாதம் கழித்துத் தேதி குறித்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் நீளாத கால் பின்னாலும் லேசில் நீளாது என்று இந்தத் தடவை பிசியோ முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். போன வாரத்திலிருந்து சுருட்டிய துண்டு இடது குதிகாலுக்கு அடியில் இருக்கிறது, மணல் பை தொடைமேல் ஏறிவிட்டது. காலையில் எழுந்ததும் இவர் கையை இப்போது இடது பக்கம் விடுகிறார்.

"ரெண்டு" என்றார் இன்று.