கல்லாவுக்குப் பின்னால் நாலு ஸ்மைலி: காந்தி ரோடு பக்கத்துச் சந்து மெஸ்

அம்மாவுக்கு கீமோ ஆரம்பித்த முதல் வாரமே டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளை அணு குறையும், வெளிச்சாப்பாடு கொடுத்தால் அப்போது செய்ததைச் சூடாகக் கொடுங்கள், நறுக்கி வைத்த பழம், பச்சை வெங்காயம், அரைத்து நேரமான சட்னி பக்கமே போகாதீர்கள். நாங்கள் குடியாத்தத்திலிருந்து வந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்திருந்தோம், அங்கே அடுப்பு வைக்க விடமாட்டார்கள், ஆக மூன்று வேளையும் வெளியில்தான். அந்த மூன்று வாரம் நான் அலைந்த அலைச்சலில்தான் இந்த மெஸ் கிடைத்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார், 28 பேர்தான் உட்கார முடியும், இப்போதே பந்திக்குப் பந்தி ஆள் நிற்கிறார்கள். காந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்று, அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் டெலிவரி ஆப்பில் 4.4 நட்சத்திரம் பார்த்து ஒரு கடையில் தயிர்சாதமும் பொரியலும் வரவழைத்தேன். நல்லவேளை அம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. மீதியை நான் சாப்பிட்டு ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். மறுநாள் அந்தக் கடையைத் தேடிப்போய்ப் பார்த்தால் பின்பக்கம் சாக்கடை மூடியை ஒட்டியே காய் நறுக்குகிறார்கள். அந்த 4.4 என்பது சாப்பிட்டவர்கள் ருசிக்கும் வேகத்துக்கும் கொடுத்த மார்க். சமையற்கட்டை எட்டிப் பார்த்தவர் யாரும் அதில் இல்லை.

சமையற்கட்டைப் பார்த்துப் போடுகிற மார்க் தனியாக இருக்கிறது, பலருக்கு அது தெரியவில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், நாம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று சொல்வது, 'ஹைஜீன் ரேட்டிங்' என்று ஒன்று வைத்திருக்கிறது. ஹோட்டல், பேக்கரி, ஸ்வீட் ஸ்டால், கறிக்கடை எல்லாம் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆணையம் அங்கீகரித்த ஏஜென்சிக்காரர்கள் வந்து தண்ணீர், வடிகால், பூச்சி எலி, வேலை செய்கிறவர்களின் உடல்நலம், பச்சைக் கறியும் வெந்ததும் தனித்தனியாக இருக்கிறதா, ரெக்கார்டு எழுதுகிறார்களா என்று வரிசையாகப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து ஸ்மைலி வரை கொடுப்பார்கள். ருசிக்கு மார்க்கே கிடையாது. சாம்பார் சப்பென்று இருந்தாலும் ஐந்து வாங்கலாம், ஊரே வரிசையில் நிற்கும் பிரியாணிக்கு ஒன்றோ இரண்டோ வரலாம்.

இந்த மெஸ்ஸில் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே நாலு ஸ்மைலி போட்ட சர்டிபிகேட் கண்ணாடி சட்டத்தில் தொங்குகிறது. பக்கத்திலேயே 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சின்னக் கடைகளுக்கான பதிவு. 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும். இங்கே பில்லில் இருந்தது, ஆணையத்தின் ஃபோஸ்காஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், கடைப் பெயரும் முகவரியும் சரியாக வந்தது.

ஆனால் காகிதத்தை மட்டும் நம்பி அம்மாவுக்கு ஊட்ட எனக்கு மனசு வரவில்லை. 'அண்ணா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கொஞ்சம் உள்ள பார்க்கலாமா' என்றேன். முறைப்பார் என்று நினைத்தேன், அவரோ 'வாம்மா, செருப்ப அங்க விட்டுட்டு வா' என்று எழுந்து முன்னால் நடந்தார்.

காலை 11 மணி, மதியச் சாப்பாடு இறங்குகிற நேரம். வடிகால் மூடிகளில் கம்பி வலை அடித்திருந்தது. கறி வெட்டச் சிவப்புப் பலகை, காய்க்குப் பச்சை, இரண்டும் எதிரெதிர் மூலையில். மாஸ்டர் சாம்பார் அண்டாவில் ஒரு குச்சி மாதிரி தெர்மாமீட்டரை விட்டார், 81 டிகிரி செல்சியஸ் காட்டியது, அதைச் சுவரில் தொங்கிய நோட்டில் மணியோடு எழுதினார். சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிரில் வைப்பது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது, நடுவில்தான் கிருமி பெருகும் என்று அவர் எனக்குப் பாடமே எடுத்தார். நோட்டைப் பின்னால் புரட்டினேன். மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கங்களில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் விரல் ரேகையும் அப்படியே இருந்தன, வெவ்வேறு பேனா, வெவ்வேறு கையெழுத்து. ஆய்வுக்காக ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதிய நோட்டு அப்படி இருக்காது. அந்தக் கறையைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சர்டிபிகேட் மேலேயே நம்பிக்கை வந்தது.

சட்னி விஷயம்தான் எனக்கு முக்கியம். மே மாத வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கே புளித்து மணம் மாறிவிடும். இவர்கள் மொத்தமாக அரைக்காமல் முக்கால் மணிக்கு ஒருமுறை சின்னச் சின்னதாக அரைக்கிறார்கள். பழைய வாளியில் மிச்சமிருந்தால் புதியதில் கலப்பதில்லை, கொட்டிவிட்டு வாளியைக் கழுவுகிறார்கள். நான் நின்ற நேரத்தில் ஒரு பையன் கொஞ்சம்தானே என்று மிச்சத்தைப் புதியதில் சாய்க்கப் போனான், மாஸ்டர் கரண்டியாலேயே தடுத்தார். நான் இருந்ததால் அப்படிச் செய்தார் என்று தோன்றவில்லை, அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணெயும் கேட்டேன். பூரி, வடை பொரிக்கப் பொரிக்க எண்ணெய் கெட்டு அதில் சேரும் போலார் சேர்மங்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. மெஸ்ஸில் அளக்கும் கருவி இல்லை. அண்ணன் நிறம் பார்த்து மாற்றுகிறார், பழையதை பயோடீசலுக்கு எடுத்துப் போகிறவர்களிடம் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறார். கருவி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், அவரிடமே சொன்னேன்.

குறை இருக்கிறது. கை கழுவும் இடத்தில் காலையில் சோப்பு இருக்கிறது, மதியம் ஒன்றரைக்குக் காலி, மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அதே கதை. பார்சல் சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க பாலித்தீன் கவரில் ஊற்றிக் கட்டுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. மறுநாளிலிருந்து எவர்சில்வர் தூக்கு கொண்டுபோனேன், முகம் சுளிக்காமல் ஊற்றிக் கொடுத்தார்கள். வடையை மட்டும் செய்தித்தாளில் வைக்காமல் வாழையிலையில் கட்டுகிறார்கள், அச்சு மை படுவதால் பேப்பரில் வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. இந்த இரண்டு குறையால்தான் ஒரு ஸ்மைலி போயிருக்குமோ என்னவோ. இன்னொன்று, சர்டிபிகேட்டில் முடியும் தேதி நெருங்கிவிட்டது. நீங்கள் எந்தக் கடையில் இதைப் பார்த்தாலும் ஸ்மைலியை எண்ணுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். முடிந்துபோன சர்டிபிகேட் சுவரில் தொங்கினால் அது வெறும் படம்.

இதையெல்லாம் ராத்திரி போனில் சித்தி மகனிடம் சொன்னேன். அவன் வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அங்கே பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க்காம். உள்ளாட்சி அதிகாரி பெரும்பாலும் சொல்லாமல்தான் வந்து நிற்பார், உணவைக் கையாளும் விதம், கட்டடம், நிர்வாகம் மூன்றையும் பார்ப்பார். வேல்ஸில் 2013 நவம்பரிலிருந்து அந்த மார்க்கை வாசலிலேயே ஒட்டியாக வேண்டும், பூஜ்யம் வாங்கினாலும் ஒட்ட வேண்டும். பக்கத்து இங்கிலாந்தில் அது கட்டாயமில்லை. நம்மூர் முறையில் கடைக்காரரே விண்ணப்பித்து, ஏஜென்சிக்குக் காசு கட்டி, தேதி தெரிந்துதான் ஆய்வு நடக்கிறது. அதனால் நன்றாக இருக்கிற கடைதான் பெரும்பாலும் போய் வாங்கும், மோசமான கடைக்கு ஸ்மைலியும் இல்லை, பூஜ்யமும் இல்லை, வாசலில் ஒன்றும் தெரியாது. இது எனக்கு நிஜமாகவே ஆதங்கம். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தத் தெருவில் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், தமிழ் தெரியாமல் யாரிடம் போய் உள்ளே பார்க்கலாமா என்று கேட்பார்கள்? ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களிலாவது இதைக் கட்டாயமாக்கி, வாசலில் கண்ணுக்கு நேராக ஒட்ட வைக்க வேண்டும்.

சரி, சாப்பாடு. இட்லி 10 ரூபாய், பஞ்சு மாதிரி இருக்கும், அம்மா வாய்ப்புண்ணோடு சாப்பிட்டது அது ஒன்றுதான். மதியச் சாப்பாடு 90. ரசம் நன்றாக இருக்கும், கூட்டு நாளுக்கு நாள் மாறும், செவ்வாய்க்கிழமை முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் காரக்குழம்பு வைப்பார்கள், இலவம்பாடிக் காய் என்றார் மாஸ்டர், விதையே தெரியாமல் வெண்ணெய் மாதிரி கரைந்தது. ஞாயிறு பிரியாணி சுமார்தான், ஆம்பூர் பக்கம் சாப்பிட்டவர்களுக்குப் பிடிக்காது. காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள், மதியம் மூன்றரைக்கு மூடி ஏழு மணிக்கு மறுபடி திறக்கிறார்கள். சொல்லிவைத்தால் அம்மாவுக்குக் காரமில்லாத பருப்பும் குழைந்த சாதமும் தனியாக வடித்துக் கொடுத்தார்கள், அதற்குக் கூடுதல் காசு வாங்கவில்லை. அடுத்த கீமோ இருபத்தோராம் நாள், தூக்கை ஏற்கெனவே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.