பெரிய டப்பாவா, ஸ்ட்ரிப்பா? சப்ளிமென்ட் எதுல வாங்கலாம்

போன வருஷம் ஆஃபர்ல கிடைக்குதேன்னு 180 கேப்ஸ்யூல் மீன் எண்ணெய் டப்பா ஒண்ணு வாங்கினேன், எக்ஸ்பயரிக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்துச்சு, ஆனா மூணாவது மாசமே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஒண்ண கடிச்சு பாத்தா ஒரே காறல் வாடை. அப்பதான் தேடி படிச்சேன், மேல அடிச்சிருக்கற தேதி சீல் உடைக்காம, லேபிள்ல சொன்ன மாதிரி வெச்சிருந்தா மட்டும்தான். மூடிய திறந்துட்டா அந்த கணக்கு செல்லாது.

டப்பாவ தினமும் திறக்கறோம், ஒவ்வொரு தடவையும் நம்ம சென்னை ஈரக்காத்து உள்ள போகுது, உள்ள கிடக்கற சிலிக்கா ஜெல் பொட்டலமும் எவ்வளவுதான் உறிஞ்சும்? ஸ்ட்ரிப்ல இன்னைக்கு பிச்சத மட்டும்தான் காத்து தொடும். ஆனா ஸ்ட்ரிப்லயும் வித்தியாசம் இருக்கு. ரெண்டு பக்கமும் அலுமினியம்னா ஈரமும் வராது, வெளிச்சமும் வராது. ஒரு பக்கம் மாத்திரை தெரியற பிளாஸ்டிக்னா மெதுவா ஈரம் கசியும்.

வைட்டமின் சி வாங்கினா ஸ்ட்ரிப்தான், யோசிக்கவே வேணாம். ஈரமும் காத்தும் பட்டா மஞ்சளாகி பழுப்பாகிடும். கடைசி தேதி வரைக்கும் லேபிள்ல போட்ட அளவு நிக்கணும்னு நிறைய கம்பெனி தயாரிக்கும்போதே கொஞ்சம் கூடுதலா போடுவாங்க, திறந்த டப்பாவுல அந்த கூடுதல் சீக்கிரமே கரைஞ்சிடும். மீன் எண்ணெயும் அப்படித்தான், அதுல இருக்கற ஒமேகா 3 கொழுப்பு ஆக்சிஜன் பட்டா கெட்டுடும், ஸ்ட்ரிப் கிடைக்கலன்னா 30 இருக்கற சின்ன டப்பாவா வாங்குங்க. புரோபயாட்டிக் உயிருள்ள பாக்டீரியா, அதுல போட்டிருக்கற எண்ணிக்கை தயாரிச்ச அன்னிக்கா, எக்ஸ்பயரி வரைக்குமான்னு கண்டிப்பா பாருங்க.

ஜிங்க், கிரியேட்டின் பவுடருக்கெல்லாம் டப்பாவே போதும், விலையும் கம்மி. கால்சியமும் அப்படியே கெட்டுப்போற சாமான் இல்ல, ஆனா கூட வைட்டமின் டி3 கலந்திருந்தா அந்த டி3 குறையும்.

அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற பெரிய டப்பாவுல சிலதுல எக்ஸ்பயரியே இருக்காது, அங்க சப்ளிமென்ட்டுக்கு தேதி போட்டே ஆகணும்னு எஃப்டிஏ (உணவு, மருந்த கண்காணிக்கற அந்த ஊர் அரசு அமைப்பு) விதி கிடையாது. தயாரிச்ச தேதியாவது இருக்கான்னு பாருங்க.

டப்பாதான் வாங்குவேன்னா திறந்த தேதிய மார்க்கர்ல எழுதிடுங்க, கிச்சன்லயும் பாத்ரூம்லயும் வைக்காதீங்க. லேபிள்ல சொல்லாம ஃப்ரிட்ஜ்லயும் வேணாம், ஜில்லுன்னு எடுத்து திறந்தா உள்ள தண்ணி வேர்த்துடும். ஸ்ட்ரிப் வாங்கறவங்க மொத்தமா பிச்சு வாராந்திர மாத்திரை பெட்டியில போட்டு வெச்சா, கூட காசு குடுத்து ஸ்ட்ரிப் வாங்கினதே வேஸ்ட்.