ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் எடுக்கப் போறீங்களா? 1,80,000 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

காற்றுத் தரத் தரவு தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. 12 நிலையங்கள், நிமிடத்துக்கு ஒரு பதிவு. தரவைச் சேமிக்கும் டேட்டாபேஸ், அதை மற்ற மென்பொருள்களுக்கு எடுத்துத் தரும் ஏபிஐ, வரைபடத்தோடு டாஷ்போர்டு என மூன்றையும் ஒரே ஆள் (அதுதான் ஃபுல் ஸ்டாக்) செய்வதாகப் பேசி, ஃப்ரீலான்சர் தளம் ஒன்றின் மூலம் ஆள் எடுத்தோம். 1,80,000 ரூபாய்.

நம்ப வைத்தது டெமோதான். ஸ்கிரீன் ஷேரில் வரைபடம், பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் புள்ளிகள், ஐந்து நொடிக்கொரு முறை நகரும் பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) எண். "லைவ் டேட்டா சார்" என்றார். கடைசித் தவணையும் போனது. பிறகு புரோகிராம் கோடைத் திறந்தால், அத்தனையும் கம்ப்யூட்டர் இஷ்டத்துக்கு உருவாக்கிய ரேண்டம் எண்! நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் சென்சார் ஐந்து நொடிக்கு ஒரு எண் எப்படித் தரும்?

நிஜத் தரவை இணைத்ததும் எல்லாம் பல்லிளித்தது. கரண்ட் போய் பதிவு வராத நிமிடங்களில் 0 என்று நிரப்பி வைத்திருக்கிறார். நாள் சராசரி சரிந்து, புகை மண்டிய நாள்கூட 'நன்று' என்று காட்டுகிறது. பி.எம். 2.5க்குக் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிட வேண்டும், குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும். திரையில் ஓடும் குறியீட்டுக்கோ இவர் கடைசி ஒரு நிமிட எண்ணையே போட்டிருக்கிறார். நேரத்தை யுடிசியிலேயே (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) விட்டதால் நாள் காலை 5.30க்குத்தான் பிறக்கிறது. ஒரு நாளைக்கு 17,280 வரிசை சேரும் டேபிளில், நேரத்தை வைத்துச் சட்டென்று தேட உதவும் இன்டெக்ஸே இல்லை. ஒரு மாத வரைபடம் கேட்டால் ஐந்து லட்சம் வரிசையும் அப்படியே பிரவுசருக்கு வந்து நிற்கிறது.

கேட்டதற்கு முதலில் "உங்க சென்சார்லதான் கோளாறு சார்". அப்புறம் "இன்னொரு டெப்ளாய்ல இருக்கேன்". அப்புறம் ப்ளூ டிக் மட்டும். தளத்தின் சப்போர்ட்டில் எத்தனை முறை எழுதினாலும் ஒரே பதில்: "மைல்ஸ்டோன் அப்ரூவ் ஆகிவிட்டது, தொகையைத் திருப்ப இயலாது." அதாவது, அந்தத் தவணைக்கான வேலைக்கு நாங்களே ஒப்புதல் கொடுத்துவிட்டோமாம். 1,80,000 ரூபாய்க்கு இவ்வளவுதான் மரியாதை. கோடு முழுவதும் இருக்கும் கிட் ரெப்போ அவர் கணக்கில், சர்வரும் அவர் கணக்கில். பணம் கேட்ட அன்றே எங்கள் அனுமதியைத் தூக்கிவிட்டார்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. ரெப்போ, சர்வர், டொமைன் மூன்றும் முதல் நாளே உங்கள் பெயரில் இருக்கட்டும். டெமோ நடக்கும்போதே ஒரு சென்சாரைப் பிடுங்குங்கள். திரையில் எண் நிற்கிறதா பாருங்கள். விடுபட்ட நேரத்துக்கு 0 வந்தால் தவணையை நிறுத்துங்கள். பழைய ஆளிடம் ஏபிஐ கீ (தரவைத் திறக்கும் ரகசியக் குறியீடு) இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.