திங்க்-செல்: கன்சல்டிங் மேனேஜரின் எந்தச் சுமையைக் குறைக்கிறது?

கன்சல்டிங்கில் மேனேஜர் என்பவர் மூன்று நான்கு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் கொண்டுவரும் ஸ்லைடுகளைத் திருத்தி, பார்ட்னருக்கும் கிளையண்ட்டுக்கும் பதில் சொல்பவர். நேரத்தைத் தின்பது திருத்தம்தான். பெர்லினில் 2002-இல் தொடங்கப்பட்ட திங்க்-செல் நிறுவனத்தின் பவர்பாயிண்ட் ஆட்-இன் (பவர்பாயிண்ட்டோடு சேர்ந்து இயங்கும் துணை மென்பொருள்) கைவைப்பதும் அங்கேதான்.

ஒரு தொகை எதனால் ஏறி, எதனால் இறங்கியது என்று பட்டை பட்டையாகக் காட்டும் வாட்டர்ஃபால் சார்ட்டில் இதன் அருமை தெரியும். தொடக்க லாபம் 80 கோடி. விலை உயர்வால் +12, விற்பனை அளவால் +9, மூலப்பொருளால் −17, சம்பளத்தால் −6. கடைசிக் கட்டத்தில் 'ஈ' (e) என்ற ஆங்கில எழுத்தை அடித்தால் 78 தானாக வந்து நிற்கும். நடுவில் ஓர் எண் மாறினாலும் பட்டைகளைக் கையால் நகர்த்த வேண்டாம்.

அதிகம் பேசப்படாத வசதி, எக்செல்லுக்குள் திங்க்-செல் தரும் ரவுண்டிங், அதாவது தசம எண்களை முழு எண்ணாக்குவது. 12.4, 15.4, 22.4 கூட்டினால் 50.2. தனித்தனியாக முழு எண்ணாக்கினால் 12, 15, 22. கூட்டினால் 49, மொத்தமாகப் போட்டிருப்பதோ 50. திட்டத்தை மேற்பார்வையிடும் ஸ்டியரிங் கமிட்டியில் நிதித்துறைக்காரர் முதலில் கைவைக்கும் இடம் இது. திங்க்-செல் ஏதோ ஓர் எண்ணை ஒன்று கூட்டிக் கணக்கை நேராக்கிவிடும். எதைக் கூட்டியது என்று மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்பார்கள்.

சார்ட்டை எக்செல் ஃபைலோடு கோக்கும் இணைப்பு நம்பகமானது. ஃபைலின் பெயரை மாற்றினாலும் அறுவதில்லை. ஆனால் அதே ஃபைலுக்கு நான்கு காப்பிகள் டீமில் சுற்றினால், பழைய காப்பியிலிருந்து எண் ஏறிவிடும் ஆபத்து உண்டு. சார்ட் புதுப்பிக்கப்பட்டும் தலைப்பில் கையால் அடித்த '12% உயர்வு' அப்படியே நிற்பது இன்னொரு பொறி. அனுப்புமுன் தலைப்புகளை மட்டும் தனியாக ஒருமுறை படிப்பது நல்லது.

சி.ஏ.ஜி.ஆர். (கூட்டு முறையில் சராசரி ஆண்டு வளர்ச்சி) அம்புக்குறி ஒரே கிளிக்கில் வருகிறது. வம்பும் அதில்தான். 2020-இல் 100, 2024-இல் 150 என்றால் ஆண்டுக்கு 10.7% வளர்ச்சி என்று காட்டும். 2019-இல் அது 130-ஆக இருந்திருந்தால் உண்மையான வேகம் 2.9%தான். கொரோனா ஆண்டை அடிப்படையாக எடுக்கலாமா என்று மென்பொருள் கேட்காது. மேனேஜர்தான் கேட்க வேண்டும். அருகருகே வைத்த இரு சார்ட்டுகளுக்கும் ஒரே அளவுகோலை வைக்கும் வசதியும் உண்டு, யாராவது அதை அழுத்தினால்.

எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளாகக் காட்டும் கேன்ட் சார்ட் பார்க்க அழகு, திட்டமிடலுக்குப் போதாது. கிளையண்ட் தரவு இரண்டு வாரம் தாமதமானால், அதை நம்பியிருக்கும் அடுத்தடுத்த வேலைகள் எல்லாம் சரியாக நகர்ந்தனவா என்று நாம்தான் பார்க்கவேண்டும். கமிட்டிக்குக் காட்ட இது போதும். வாராவாரம் வேலையைக் கண்காணிக்க வேறு கருவி தேவை.

சார்ட் வரைவது இவ்வளவு எளிதாவதற்கும் ஒரு விலை உண்டு. தலைப்புகள் மட்டும் உள்ள வெற்று டெக்கை (ஸ்லைடுத் தொகுப்பை) மேனேஜர் முதலில் எழுதித் தராவிட்டால், டீம் நாற்பது சார்ட் வரைந்து வைத்திருக்கும், அதில் பத்துதான் தேறும்.

ஆட்-இன் இல்லாத கணினியிலும் ஸ்லைடு ஒழுங்காகத் திறக்கும். ஆனால் அங்கே எண்ணை மாற்றினால் பட்டை நகராது. ஒப்படைக்கும்போது எக்செல்லையும் சேர்த்துக் கொடுங்கள். சந்தா முறையில்தான் விற்கிறார்கள், 30 நாள் இலவசச் சோதனை உண்டு. அதைத் தரவு சேகரிக்கும் வாரங்களில் வீணாக்காமல், இறுதி அறிக்கைக்கு முந்தைய மாதத்தில் தொடங்குங்கள்.